பெத்தது யாரு, வளத்தது யாரு? டார்க் மேட்டர் பத்தி ஒரு அக்கா கேட்ட கேள்வி

கேள்வி: வணக்கம் சார். வீட்டு முன்னாடியே சின்னதா தையல் கடை வெச்சிருக்கேன். மெஷின் பாட்டுக்கு ஓடும், நான் காதுல ஹெட்செட் மாட்டிக்கிட்டு விண்வெளி வீடியோவா கேட்டுட்டு இருப்பேன். ஒரு வீடியோல, பிரபஞ்சம் பிறந்தப்ப எல்லா எடமும் ஒரே சீரா இருந்துச்சு, டார்க் மேட்டர்னு கண்ணுக்கு தெரியாத, ஆனா ஈர்ப்பு இருக்கற ஒரு பொருள் தான் அங்கங்க கட்டி கட்டியா சேத்து கேலக்ஸி, அதாவது நட்சத்திரக் கூட்டம், உண்டாக்குச்சுன்னாங்க. அடுத்த வீடியோல, அதெல்லாம் இல்ல, குவாண்டம் நடுக்கத்துல இருந்து தான் முதல் மேடு பள்ளம் வந்துச்சுங்கறாங்க. ரெண்டுல எது நெசம்? எல்லாமே சீரா இருந்தா முதல் கட்டி எப்படி சார் வரும்? அப்புறம் இந்த டார்க் மேட்டர் என் கடைக்குள்ளயும் இருக்கா? பத்தாவது தான் படிச்சிருக்கேன், புரியற மாதிரி சொல்லுங்க.

பதில்: வணக்கம் அக்கா. பத்தாவது தான்னு எழுதிட்டு, "சீரா இருந்தா முதல் கட்டி எப்படி வரும்"னு கேட்டீங்க பாருங்க, 1970கள்ல இந்த துறைல இருந்த பெரிய ஆளுங்கல்லாம் அந்த எடத்துல தான் முட்டிக்கிட்டு நின்னாங்க. உங்க சந்தேகம் சரி. நெசமாவே எல்லா எடமும் இம்மி பிசகாம சீரா இருந்திருந்தா ஈர்ப்பு விசை எந்த பக்கம் இழுக்கும்? எட்டு பக்கமும் ஒரே இழுப்பு, அப்ப எதுவும் எங்கயும் நகராது, எத்தனை கோடி வருஷம் ஆனாலும் அப்படியே தான் கெடக்கும். டார்க் மேட்டர் இருந்தாலும் அதே கதை தான், ஏன்னா அதுவும் சீரா தானே பரவியிருக்கும். ஈர்ப்புக்கு கட்டிய பெருசாக்க தெரியும், புதுசா ஒண்ணு உண்டாக்க தெரியாது.

அதனால சுருக்கமா சொல்லிடறேன், கிருஷ்ணர் கதைல பெத்தது தேவகி, வளத்தது யசோதை, அந்த மாதிரி இங்க பெத்தது குவாண்டம் நடுக்கம், வளத்தது டார்க் மேட்டர். ரெண்டாவது வீடியோ சரி. முதல் வீடியோ யசோதைய பெத்தவன்னு சொல்லிடுச்சு, அவ்ளோ தான் தப்பு. ஆனா வளத்தவ இல்லன்னா புள்ள பொழைச்சிருக்காது, அது எப்படின்னு ஒரு கணக்கு போட்டு காட்டறேன், அது தான் இந்த விஷயத்துலயே எனக்கு ரொம்ப புடிச்ச எடம்.

முதல்ல அந்த மேடு பள்ளத்த யாரு பாத்தாங்கன்னு கேக்கணும்ல. பழைய டிவில சேனல் வராதப்ப புள்ளி புள்ளியா கொசு பறக்குற மாதிரி ஓடுமே ஞாபகம் இருக்கா, அதுல ஒரு சின்ன பங்கு பிரபஞ்சம் குழந்தையா இருந்தப்ப கெளம்பின வெளிச்சம். 1964ல அமெரிக்கால நியூ ஜெர்சில பென்சியாஸ், வில்சன்னு ரெண்டு பேரு ஒரு பெரிய கொம்பு மாதிரி ஆன்டெனாவ வெச்சுக்கிட்டு எந்த பக்கம் திருப்பினாலும் ஒரே இரைச்சலா வருதேன்னு மண்டை காய்ஞ்சு, உள்ள கூடு கட்டியிருந்த புறாவ வெரட்டி, எச்சத்தையெல்லாம் தொடச்சு பாத்தும் அது போகல. பிரபஞ்சத்துக்கு சுமார் 3,80,000 வயசு ஆனப்ப, சூடு ஒரு 3,000 டிகிரிக்கு எறங்கி, எலக்ட்ரானும் புரோட்டானும் சேந்து அணுவாகி, அது வரைக்கும் முட்டி மோதிக்கிட்டு இருந்த வெளிச்சம் வழி கெடச்சு கெளம்புச்சு, அது தான் இது. இப்ப ஆறி ஆறி மைனஸ் 270 டிகிரிக்கு வந்துடுச்சு. நாங்க இத காஸ்மிக் மைக்ரோவேவ் பேக்ரவுண்ட், சுருக்கமா சிஎம்பின்னு சொல்லுவோம்.

இது எந்த பக்கம் பாத்தாலும் ஒரே சூடு. அதுல வித்தியாசம் இருக்கான்னு கால் நூற்றாண்டுக்கு மேல தேடி, 1989ல ஏவின கோபேங்கற சாட்டிலைட் வெச்சு 1992 ஏப்ரல்ல தான் கண்டுபுடிச்சோம்னு சொன்னாங்க. எவ்ளோ வித்தியாசம்னா லட்சத்துல ஒரு பங்கு. மேட்டூர் டேம் 120 அடிக்கு தளும்பி நிக்கும்போது தண்ணிக்கு மேல அரை மில்லிமீட்டர் கூட வராத ஒரு அலை, அவ்ளோ தான். அந்த அலை மேட்டுல இருந்து தான் நீங்க, நான், உங்க தையல் மெஷின், எல்லாம்.

இப்ப கணக்குக்கு வரேன். நான் எம்எஸ்சி படிச்சப்ப எங்க வாத்தியார் இத வீட்டுப் பாடமா குடுத்தார். கேள்வி ரொம்ப சிம்பிள்: இந்த குட்டி மேடு கேலக்ஸியா வளர முடியுமா? விதி என்னன்னா, பிரபஞ்சத்துல வெளிச்சத்த விட பொருளோட கனம் ஜாஸ்தியா இருக்கற காலத்துல பிரபஞ்சம் எத்தனை மடங்கு விரியுதோ அத்தனை மடங்கு மேடும் வளரும். பக்கத்து எடத்த விட கொஞ்சம் கனமா இருக்கறது இன்னும் கொஞ்சம் இழுக்கும், வட்டிக்கு வட்டி மாதிரி. ஆனா இன்னொரு பக்கம் பிரபஞ்சம் விரிஞ்சு விரிஞ்சு எல்லாத்தையும் பிரிச்சிட்டே இருக்கறதால வேகமா ஏறாது, மெதுவா தான் ஏறும். சிஎம்பி வெளிச்சம் கெளம்பின நாள்ல இருந்து இன்னிக்கு வரைக்கும் பிரபஞ்சம் சுமார் 1,100 மடங்கு விரிஞ்சிருக்கு. சரி, லட்சத்துல ஒண்ணு, அத 1,100ஆல பெருக்குங்க. கிட்டத்தட்ட நூத்துல ஒண்ணு வருது. சூட்டு வித்தியாசத்த அடர்த்தி வித்தியாசமா மாத்துனா இன்னும் சில மடங்கு ஏறும்னு வெச்சுக்கிட்டாலும், நூத்துல மூணோ நாலோ.

ஒரு மேடு தன் கனத்துல தானே இடிஞ்சு விழுந்து கேலக்ஸியாகணும்னா அது பக்கத்த விட நூத்துக்கு நூறாவது அதிகமா இருக்கணும், நூத்துக்கு மூணு நாலு பத்தவே பத்தாது. அப்ப கணக்குப்படி இன்னிக்கு கூட வானத்துல ஒரு நட்சத்திரம் இருக்கக் கூடாது, லேசா ஏறி எறங்கற கேஸ் மட்டும் தான் இருக்கணும். நான் ராத்திரி பூரா உக்காந்து எங்கயோ ஒரு சைபர் விட்டுட்டோம்னு தேடிட்டு இருந்தேன், காலைல போய் சார் கணக்கு தப்பா வருதுன்னா அவரு சிரிச்சிக்கிட்டே "தப்பில்ல, அது தான் விடை"ன்னார். சாதாரண பொருள் மட்டும் இருந்தா விடை அது தான்.

ஏன் சாதாரண பொருள் முன்னாடியே வளர ஆரம்பிக்கலன்னா, விட மாட்டேன்னுச்சு வெளிச்சம். அந்த 3,80,000 வருஷமும் எலக்ட்ரான் எல்லாம் தனித்தனியா திரிஞ்சிட்டு இருந்துச்சு, தனி எலக்ட்ரான் மேல வெளிச்சம் மோதிட்டே இருக்கும், ஒரு புரோட்டானுக்கு 100 கோடிக்கும் மேல போட்டான், அதாவது வெளிச்சத் துகள்னா பாத்துக்கங்க எவ்ளோ கூட்டம்னு. ஈர்ப்பு உள்ள இழுக்கும், வெளிச்சத்தோட அழுத்தம் வெளிய தள்ளும், மறுபடி இழுக்கும், மறுபடி தள்ளும். இப்படி உள்ள போய் வெளிய வர்றது சத்தம் தானே, காத்துல சத்தம் எப்படி போகுதோ அதே தான். அந்த சூப்புல சத்த அலை வெளிச்சத்தோட வேகத்துல பாதிக்கு மேல ஓடுச்சு. மேடு ஏறும், எறங்கும், அதுக்கு மேல வளராது.

டார்க் மேட்டருக்கு இந்த தொல்லை ஏதும் இல்ல. டார்க்னு பேரு வெச்சதே தப்புன்னு எனக்கு எப்பவுமே ஒரு எண்ணம், கருப்புன்னா வெளிச்சத்த முழுங்கும், இது முழுங்காது, தள்ளி விடாது, மோதாது, வெளிச்சம்னு ஒண்ணு இருக்கறதே அதுக்கு தெரியாது, கண்ணாடின்னு பேரு வெச்சிருக்கலாம். வெளிச்சம் இந்த பக்கம் சாதாரண பொருள புடிச்சு உலுக்கிட்டு இருக்கறப்ப அது பாட்டுக்கு தன் கனத்துல மெதுவா சேந்துட்டே இருந்துச்சு. ரொம்ப ஆரம்பத்துல அதுக்கும் வேகமா சேர முடியல, அப்ப பிரபஞ்சத்துல கனமே வெளிச்சத்தோடது தான், விரிவும் படு வேகம். சுமார் 50,000 வருஷம் ஆனப்ப பொருளோட கனம் வெளிச்சத்த தாண்டுச்சு, அங்க இருந்து டார்க் மேட்டர் மேடு சரசரன்னு ஏற ஆரம்பிச்சுது. 3,80,000 வருஷத்துல சாதாரண பொருளுக்கு விடுதலை கெடச்சப்ப கேலக்ஸி அளவு மேடுகள்ல டார்க் மேட்டர் ஏற்கனவே ஆயிரத்துல சில பங்குக்கு வந்தாச்சு, அதாவது நாம சிஎம்பில பாக்கற அந்த லட்சத்துல ஒண்ண விட நூறு மடங்கு பக்கம் முன்னாடி. சாதாரண கேஸ் வெளிய வந்து பாத்தா, டார்க் மேட்டர் சேந்த எடமெல்லாம் ஈர்ப்பால இழுக்கற பள்ளம் மாதிரி ஏற்கனவே தோண்டி ரெடியா இருக்கு, மழைத்தண்ணி பள்ளத்துக்கு போற மாதிரி போய் விழுந்துச்சு. விழுந்த கேஸ் வெளிச்சமா சூட்ட வெளிய விட்டு ஆறி நடுவுல போய் உக்காந்து நட்சத்திரம் ஆச்சு, டார்க் மேட்டருக்கு சூட்ட வெளிய விடவும் தெரியாது, அதனால அது இன்னிக்கும் நம்ம கேலக்ஸிய சுத்தி பெரிய பஞ்சு மூட்டை மாதிரி உப்பிப் போய் நிக்குது.

டார்க் மேட்டர் இருக்குன்னு முன்னாடியே சொன்னவங்க உண்டு. 1933ல ஸ்விக்கின்னு ஒருத்தர் கோமா கேலக்ஸி கூட்டத்த பாத்து சொன்னார், யாரும் பெருசா கண்டுக்கல. 1970ல வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமெடா கேலக்ஸி சுத்தற வேகத்த அளந்தாங்க, ஓரத்துல இருக்கறதும் வேகம் கொறையாம சுத்துது, கண்ணுக்கு தெரியற பொருளோட ஈர்ப்பு மட்டும் அத புடிச்சு வெக்க பத்தாது. ஆனா "இது இல்லாம கேலக்ஸியே பொறந்திருக்காது"ங்கற வாதத்த 1982ல பீபிள்ஸ்ங்கற விஞ்ஞானி போட்டார். அப்ப சிஎம்பில ஏற்ற இறக்கத்த தேடித் தேடி பத்தாயிரத்துல ஒண்ணு அளவுல கூட இல்லன்னு ஆயிட்டு இருந்துச்சு, சாதாரண பொருள் மட்டும்னா அது பெரிய ஆபத்து, வெளிச்சத்தோட ஒட்டாத மெதுவா நகர்ற ஒரு பொருள் இருந்தா பொழச்சோம்னு அவரு கணக்கு போட்டார். பத்து வருஷம் கழிச்சு கோபே அந்த மாதிரி குட்டி வித்தியாசத்த தான் காமிச்சுது. 2019ல அவருக்கு நோபல் குடுத்தாங்க.

நடுவுல நியூட்ரினோங்கற ரொம்ப லேசான துகள் தான் டார்க் மேட்டரா இருக்கும்னு ஒரு அலை அடிச்சுது. 1980ல மாஸ்கோல ஒரு குழு அதுக்கு எடை இருக்குன்னு அளந்ததா சொன்னாங்க, அந்த அளவு தப்புன்னு பின்னாடி ஆச்சு. எடை இருந்தாலும் நியூட்ரினோ ஆரம்பத்துல வெளிச்ச வேகத்துல ஓடும், ஓடற ஓட்டத்துல சின்ன மேடெல்லாம் அழிஞ்சிடும், கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாத்தா நெசமான வானம் மாதிரி வரல. 1983லயே ஒயிட், ஃப்ரெங்க், டேவிஸ் மூணு பேரும் காமிச்சிட்டாங்க.

சரி, யசோதை கதை முடிஞ்சுது. தேவகி யாரு?

1970கள்ல ஹாரிசன், ஸெல்டோவிச்னு ரெண்டு விஞ்ஞானிங்க ஆரம்ப மேடு பள்ளம் பெருசு சின்னதுன்னு எல்லா அளவுலயும் கிட்டத்தட்ட ஒரே பலத்துல இருந்தா சரியா வரும்னு சொன்னாங்க. எங்க இருந்து வந்துச்சுன்னா, வந்துச்சு, வெச்சுக்கங்க. அவ்ளோ தான். அப்புறம் 1979 டிசம்பர்ல ஆலன் கூத்னு ஒரு இளைஞர், கலிஃபோர்னியால, ராத்திரி உக்காந்து நோட்டுல கணக்கு போட்டார், பிரபஞ்சம் பொறந்த ஒரு நொடில நெனச்சே பாக்க முடியாத ஒரு துணுக்கு நேரத்துல படு வேகமா உப்பியிருந்தா பல புதிர் தீருதுன்னு. மேல "அற்புதமான ஒரு புரிதல்"னு எழுதி பெட்டி போட்டு வெச்சார், அந்த நோட்டு சிகாகோல மியூசியத்துல இருக்கு. அதுக்கு பேரு இன்ஃப்ளேஷன், விலைவாசி இன்ஃப்ளேஷன் இல்ல, ஆனா உப்பற வேகம் மட்டும் தங்கம் வெலை மாதிரி.

இதுல மேடு எப்படி வருதுன்னா, வெறும் எடம்னு நாம நெனைக்கறது வெறுமனே இருக்காது, எப்பவும் நடுங்கிட்டே இருக்கும், எழும்பும், அடங்கும், அது குவாண்டம் விதி, இன்னிக்கு உங்க கடைக்குள்ளயும் அதே தான் நடக்குது, ஆனா சராசரில ஒண்ணும் மிஞ்சாது. இன்ஃப்ளேஷன் சமயத்துல எழும்பினது அடங்கறதுக்குள்ள எடத்த புடிச்சு இழுத்துடுச்சு. எலாஸ்டிக்க இழுக்காம அதுல சாக்பீஸால ஒரு சின்ன கோடு போட்டு இழுத்துப் பாருங்க, கோடும் சேந்து நீளும்ல. அணுவ விட எத்தனையோ கோடி மடங்கு சின்ன நடுக்கம் இழுபட்டு இழுபட்டு வானம் அளவுக்கு ஆகி அப்படியே ஒறைஞ்சு போச்சு.

அப்ப அந்த நடுக்கம் எப்படி அடர்த்தியா மாறும்னு நீங்க கேப்பீங்க, கேக்கணும். ஒரே ஈடுல வெச்ச இட்லிய ஒவ்வொண்ணா எடுக்கறீங்க, முதல்ல எடுத்தது ஆறிப்போயிருக்கும், கடைசில எடுத்தது ஆவி பறக்கும். நடுக்கத்தால சில எடத்துல இன்ஃப்ளேஷன் கொஞ்சம் முன்னாடி முடிஞ்சுது, சில எடத்துல கொஞ்சம் லேட். முன்னாடி முடிஞ்ச எடம் விரிஞ்சு ஆறி லேசாகிடுச்சு, லேட்டா முடிஞ்ச எடம் சூடாவும் கனமாவும் இருந்துச்சு. இந்த கணக்க 1981ல மாஸ்கோல முகனோவும் சிபிசோவும் முதல்ல போட்டாங்க, அடுத்த வருஷம் கேம்பிரிட்ஜ்ல ஒரு மூணு வார கூட்டத்துல ஹாக்கிங், கூத், ஸ்டாரோபின்ஸ்கி இவங்கல்லாம் அவங்கவங்க வழில போட்டு முட்டி மோதி கடைசில ஒரே விடைக்கு வந்து சேந்தாங்க. எல்லா அளவுலயும் கிட்டத்தட்ட ஒரே பலம், ஆனா பெரிய அலை இம்மி தூக்கல். அச்சு அசலா சமம்னா 1ன்னு ஒரு எண் வரணும், பிளாங்க் சாட்டிலைட் அளந்தப்ப 0.965 வந்துச்சு.

இட்லி உதாரணத்துல ஒரு விஷயத்த கவனிக்காம போயிடாதீங்க, உங்க முதல் வீடியோ தப்புன்னு சொல்றதுக்கு ஆதாரமே அது தான். லேட்டா முடிஞ்ச எடத்துல எல்லாமே அதிகம், வெளிச்சம், சாதாரண பொருள், நியூட்ரினோ, டார்க் மேட்டர், எல்லாம் ஒரே கணக்குல. டார்க் மேட்டர் தானே மேட்ட பெத்திருந்தா அது மட்டும் கட்டி கட்டியா இருந்து மத்ததெல்லாம் சமமா இருந்திருக்கணும். ரெண்டுக்கும் வித்தியாசம் அந்த சத்த அலைல தெரியும். ஊஞ்சல பின்னாடி இழுத்து புடிச்சு விடறது ஒரு வகை, நடுவுல சும்மா நிக்கற ஊஞ்சல தள்ளி விடறது இன்னொரு வகை. ரெண்டும் ஆடும், ஆனா பத்து நிமிஷம் கழிச்சு ஒரு போட்டோ எடுத்தா ஊஞ்சல் நிக்கற எடம் வேற வேற. சிஎம்பி தான் அந்த போட்டோ. எல்லாம் சேந்தே ஏறியிருந்தா இழுத்து விட்ட ஊஞ்சல், டார்க் மேட்டர் மட்டும் தனியா ஏறியிருந்தா தள்ளி விட்ட ஊஞ்சல். 1998 கடைசில அன்டார்டிகால பூமராங்னு ஒரு பலூன பறக்க விட்டாங்க, துருவத்த ஒரு சுத்து சுத்தி கெளம்பின எடத்துக்கே பத்து நாள்ல வந்து சேந்துச்சு. 2000ல ரிசல்ட் வந்தப்ப, எந்த அளவு அலைக்கு எவ்ளோ பலம்னு வரைஞ்ச கோட்டுல முதல் பெரிய மேடு வானத்துல சுமார் ஒரு டிகிரி அளவுல, இழுத்து விட்ட ஊஞ்சல் எங்க இருக்கணுமோ சரியா அங்க. பிளாங்க் வந்து இன்னும் கறாரா பாத்துச்சு, டார்க் மேட்டர் தனியா பெத்த பங்குன்னு ஏதாவது இருந்தா அது நூத்துல ஒண்ணு ரெண்ட தாண்டாது.

அதே கோட்டுல மூணாவது மேட்டோட உயரம், மத்த மேட்டோட ஒப்பிட்டா, டார்க் மேட்டர் எவ்ளோன்னு சொல்லும், சாதாரண பொருள விட அஞ்சு மடங்குக்கு மேல. இன்னொரு ஆதாரமும் உண்டு, 2005ல சுமார் 47,000 கேலக்ஸிய கணக்கெடுத்து பாத்தாங்க, ஒரு கேலக்ஸில இருந்து சுமார் 49 கோடி ஒளி ஆண்டு தள்ளி இன்னொரு கேலக்ஸி இருக்க வாய்ப்பு இம்மி அதிகம், அது அந்த பழைய சத்தம் ஒறைஞ்சு போன தடம். தடம் ரொம்ப மங்கல். டார்க் மேட்டர் இல்லாம சாதாரண பொருள் மட்டும் இருந்திருந்தா அந்த தடம் மங்கலா இருக்காது, வானம் பூரா வரி வரியா அடிச்சிருக்கும். மங்கலா இருக்கறதே சாட்சி.

இதுல எனக்கு எது மேல எவ்ளோ நம்பிக்கைன்னும் சொல்லிடறேன். வளத்தது டார்க் மேட்டர்ங்கறதுல நான் வீட்ட அடமானம் வெப்பேன். பெத்தது இன்ஃப்ளேஷன் நடுக்கம்ங்கறதுல மோதிரத்த மட்டும் வெப்பேன். கணக்கு அழகா பொருந்துது, ஆனா இன்ஃப்ளேஷன் நடந்ததுக்கு நேரடி சாட்சியா ஈர்ப்பு அலையோட, அதாவது எடமே அதிர்ற அலையோட தடம் சிஎம்பில கெடைக்கணும், இன்னும் கெடைக்கல. 2014 மார்ச்ல கெடச்சிடுச்சுன்னு தென் துருவத்துல இருந்து ஒரு குழு அறிவிச்சு ஷாம்பெயின் எல்லாம் ஒடச்சு, அடுத்த வருஷம் பாத்தா அதுல பெரும்பங்கு நம்ம கேலக்ஸியோட தூசி. டார்க் மேட்டர் என்ன துகள்னும் யாரும் புடிக்கல, தெற்கு டகோட்டால பழைய தங்கச் சுரங்கத்துல ஒண்ணரை கிலோமீட்டர் ஆழத்துல 10 டன் திரவ செனான, அதாவது குளுர வெச்சு திரவமாக்கின ஒரு கேஸ, வெச்சுக்கிட்டு ஒரு துகளாவது இடிக்காதான்னு காத்துட்டு இருக்காங்க.

உங்க கடைசி கேள்வி. கடைக்குள்ள இருக்கு அக்கா, இப்ப இந்த நிமிஷமும் நொடிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல வேகத்துல சுவர், மெஷின், துணி, உங்க கை எல்லாத்தையும் ஊடுருவிப் போயிட்டு இருக்கு. ஆனா கம்மி. நம்ம பக்கத்துல இருக்கற அடர்த்திய வெச்சு கணக்கு போட்டா பூமி மொத்தமும் அடைச்சிருக்கற எடத்துல எந்த நேரமும் இருக்கற டார்க் மேட்டர் சுமார் அரை கிலோ. பத்துக்கு பத்து கடைல ஒரு வைரஸோட எடை கூட தேறாது. அவ்ளோ கம்மியா இருக்கறது எப்படி எல்லாத்தையும் வளத்துச்சுன்னா, பூமி மாதிரி கட்டியா இருக்கற எடம் பிரபஞ்சத்துல ரொம்ப அபூர்வம், மீதி எல்லாம் காலி, அந்த காலி எடத்துலயும் இது பரவி இருக்கு.